யீவு சந்தையில் ஒரு கிழமை



உங்கள் மகளின் தலையில் இருக்கும் கிளிப்பையும், நீங்கள் பர்தாவில் குத்தியிருக்கும் ஊசியையும் ஒரு கணம் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். புறக்கோட்டையில் வாங்கியது என்பீர்கள். அதற்கு முன்பு அது எங்கே இருந்தது? இவை போன்ற சில்லறைச் சாமான்களில் பல, சீனாவின் செஜியாங் மாகாணத்தில் யீவு என்னும் நகரத்தில், ஓர் அறையளவு கடையின் சுவரில் மாதிரியாகத் தொங்கி, எங்கிருந்தோ வந்த ஒருவர் விரலை நீட்டி விலை கேட்டதனால் கப்பலேறியவை. அந்த நகரத்தில் 2024 நவம்பரில் ஒரு கிழமை தங்கியிருந்தேன். ஓதிக் கொடுக்கும் மௌலவிக்குச் சீனச் சந்தையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே.

என் தங்கையின் கணவர், எங்கள் மச்சான், பத்தொன்பது வருடங்கள் வளைகுடாவில் உழைத்தவர். வீட்டு வேலையோ கடை வேலையோ அல்ல; பெரிய கட்டுமானத் திட்டங்களில் ஸ்டோர் பொறுப்பு. எத்தனை தொன் கம்பி வந்தது, எத்தனை பெட்டி ஆணி வந்தது, வந்தது கேட்டதுதானா, குறைந்தது எவ்வளவு, இதை எழுதி வைப்பதே அவருடைய வேலை. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் என்று நாடு விட்டு நாடு சென்றார். கடைசியாகக் கட்டாரில். 2022 உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டிக்காக அங்கே எட்டு விளையாட்டரங்குகளும், வீதிகளும், ரயில் பாதைகளும் அமைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஓர் அரங்கைக் கப்பல் கொள்கலன்களைக் கொண்டே கட்டினார்கள். 974 கொள்கலன்கள், கட்டாரின் தொலைபேசிக் குறியீடும் அதே இலக்கம். அதைப் பற்றி மச்சான் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

போட்டி டிசம்பர் 18ஆம் திகதி முடிந்தது. அதற்காகக் கட்ட வேண்டியவை யாவும் முன்னரே கட்டப்பட்டுவிட்டன. மறு வருடம் மச்சானின் ஒப்பந்தமும் முடிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. சேவை முடிவில் கிடைத்த பணத்தோடு மாவனல்லைக்கு வந்து சேர்ந்தார். வந்தவரைச் சுற்றி ஆலோசனைகள் மொய்த்தன. முச்சக்கர வண்டி வாங்கி வாடகைக்கு விடு, காணி வாங்கிப் போடு, சாப்பாட்டுக் கடை போடு! அவர் மனம் ஒன்றிலேயே நின்றது. சீனாவிலிருந்து சாமான் இறக்கி, கடை இல்லாமல், கைத்தொலைபேசியில் படம் போட்டு விற்பது.

தங்கை எதிர்க்கவில்லை. ஆனால் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "நானா, இது பத்தொன்பது வருசம் நானும் பிள்ளைகளும் அவர் இல்லாம இருந்த காசு. போனா இன்னொரு தடவ வராது. நீங்களும் கூடப் போங்க. உங்களுக்கு அறபு தெரியுமே."

சீனாவுக்குப் போக அறபு எதற்கு? யீவுவுக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. எகிப்து, யெமன், ஈராக், சிரியா என்று அறபு நாடுகள் பலவற்றின் வியாபாரிகள் பல்லாண்டுகளாக அங்கே வந்து போகிறார்கள். பலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். சந்தையின் அறிவிப்புப் பலகைகளில் சீனம், ஆங்கிலத்தோடு அறபும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களிலும் அறபு பேசுவோர் ஏராளம். பள்ளிப் பருவத்தில் நஹ்வும் ஸர்பும் மனனம் செய்தபோது, ஒரு நாள் அதை வைத்து முஸல்லாவுக்கு விலை பேசுவேன் என்று நான் எண்ணியதில்லை.

கொழும்பிலிருந்து ஷங்ஹாய் வரை விமானம். அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் யீவு. கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. குன்றுகளுக்கு நடுவே ஒரு சமவெளி. இந்த ஊர் ஏன் உலகத்தின் சில்லறைச் சாமான் கடையாக ஆனது? நாங்கள் போன நவம்பர் கரும்பு வெட்டும் காலம். கிராமப் பக்கங்களில் கரும்புச் சாற்றைப் பெரிய தாச்சிகளில் வரிசையாகக் காய்ச்சிக் கருப்பட்டி நிறத்தில் சர்க்கரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சர்க்கரையில்தான் ஊரின் கதை இருக்கிறது. மண் வளம் குறைந்த ஊர். உரத்துக்கு வழியில்லாத விவசாயிகள், வயல் வேலை இல்லாத குளிர் காலத்தில் சர்க்கரைக் கட்டிகளைக் காவடித் தடியில் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு சிறு கிலுகிலுப்பைப் பறையை ஆட்டி ஓசை எழுப்பியபடி ஊர் ஊராகப் போவார்கள். சர்க்கரையைக் கொடுத்து வீடுகளில் சேர்த்து வைத்த கோழி இறகை வாங்குவார்கள். நல்ல இறகு தூசு தட்டும் துடைப்பத்துக்கு; மீதி வயலுக்கு உரம். நாளடைவில் சர்க்கரையோடு ஊசி, நூல், பொத்தான்களும் கூடையில் ஏறின. வாசலில் நின்று வாங்கியவர்கள் பெண்கள்தாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்யூனிச ஆட்சியில் தனியார் வியாபாரம் குற்றமாக இருந்த காலத்தில், தெருவில் சாமான் விற்றவர்களை அதிகாரிகள் துரத்தினார்கள், கூடையைப் பறித்தார்கள். 1982இல் பெங் ஐச்சியென் என்ற ஒரு சாதாரணப் பெண் வியாபாரி, அந்த மாவட்டத்தின் கட்சிச் செயலாளரான ஷியே காவ்ஹுவாவை நேரில் சந்தித்து, நாங்கள் பிழைப்பது எப்படி என்று முறையிட்டார். அந்த அதிகாரி அவருடைய பேச்சைக் கேட்டார், விசாரித்தார், பிறகு துணிந்து அனுமதித்தார். அதே வருடம் செப்டம்பரில் திறந்த வெளியில் சந்தை தொடங்கியது. அனுமதித்த அந்த அதிகாரி 2019இல் காலமானார். சந்தையோ வளர்ந்து, நாங்கள் போனபோது 2002 முதல் கட்டப்பட்ட ஐந்து பெரும் கட்டடத் தொகுதிகளாக நின்றது. ஏறத்தாழ 75,000 கடைகள்! கடைக்கு மூன்று நிமிடம், நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்று நடந்தால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 470 நாட்கள் வேண்டும். எங்களுக்கு இருந்ததோ ஏழு.

முதல் நாள் மச்சானுக்குத் தலை சுற்றியது. முதலாம் தொகுதியில் விளையாட்டுப் பொருட்கள், காகிதப் பூக்கள், தலை அலங்காரச் சாமான்கள். கிளிப் மட்டும் விற்கும் கடைகள் தெருத்தெருவாக நீள்கின்றன. ஒரு கடையில் மஞ்சள் நிறக் கிளிப் மட்டுமே ஒரு சுவரை நிறைத்திருந்தது. மனிதன் இங்கே வந்தால் வாங்க வந்ததை மறந்து, கண்டதையெல்லாம் வாங்குவான். மச்சானும் பூமாலைகளில் மயங்கி மூன்று பெட்டிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தங்கை எழுதிக் கொடுத்த பட்டியலில் பூமாலை இல்லை.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடசாலைக் கொப்பியின் இரண்டு பக்கங்கள். பர்தா ஊசி, உள் தொப்பி, சால்வை, சிறு பிள்ளைகளின் கிளிப், பயணத்துக்கான மெல்லிய முஸல்லா. ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பு. "ஊசி துருப்பிடித்து வெள்ளைச் சால்வையில் மஞ்சள் புள்ளி விழும், கவனம்." "சால்வையின் கறுப்பு கழுவினால் சாயம் போகிறதா பார்க்கவும்." "தொப்பி இறுகினால் தலைவலி வரும், கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கவும்." மச்சான் கம்பியையும் ஆணியையும் அறிவார், இவற்றை அறியார். ஒரு பொருளைத் தினமும் பாவிப்பவருக்குத் தெரிவது வாங்குபவருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தத் தொழிலில் இறங்கும் ஆண்கள் பலர், வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு, விற்கவில்லையே என்று தலையில் கை வைக்கிறார்கள். கேட்டிருந்தால் பாதி நட்டம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் மச்சான் அறிந்த வேறொன்று இருந்தது. சோதிப்பது! ஐந்து கடைகளிலிருந்து ஐந்து வகை ஊசிகளை வாங்கி வந்து, தங்குமிடத்தில் கண்ணாடிக் குவளைகளில் ஈரத் தாளில் உப்புத் தூவிச் சுற்றி வைத்தார். காலையில் ஸுபஹ் தொழுதுவிட்டுப் பிரித்தால் இரண்டில் மஞ்சள் கறை. மீதி மூன்றில் விலை குறைந்ததைத் தேர்ந்தார். தங்கை தந்தனுப்பிய வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு கறுப்புச் சால்வையிலும் தேய்த்தார். கடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த சால்வையை விட்டுவிட்டு மேசைக்கு அடியிலிருந்து வேறொன்றை எடுத்துத் தந்தாள். அதில் சாயம் போகவில்லை. விலை கொஞ்சம் கூட. அதையே வாங்கினோம்.

எங்களுக்கு மொழிபெயர்த்தவர் நிங்ஷியா பிரதேசத்தைச் சேர்ந்த சீன முஸ்லிம் சகோதரி. ஹுய் இனத்தவர். அங்கே அறபுப் பாடசாலையில் ஓதியவர். ஓதி முடித்த பலருக்கு ஊரில் அதற்கேற்ற தொழில் இல்லை. யீவுவுக்கு வந்தால் அறபு சோறு போடுகிறது. அவர் பேசியதும் நான் பேசியதும் கிதாபில் இருக்கும் அறபு. மதியம் சாப்பிடப் போன ஈராக்கியக் கடையில் முதலாளி எங்கள் இருவரின் பேச்சையும் கேட்டுவிட்டு, செய்தி வாசிக்கிறீர்களா என்று கேட்டார். தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லையாம்.

நான்காவது நாள் ஒரு சிக்கல் வந்தது. சால்வைகளைத் தங்கை கேட்ட நிறங்களில், கேட்ட நீளத்தில் புதிதாகத் தைத்துத் தர ஒரு கடை ஒப்புக்கொண்டது. முப்பது சதவீதம் முற்பணம். மீதி சாமான் தயாரானதும். சந்தையின் வழக்கம் அதுதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கண்ணால் காணாத பொருளை விற்பதற்கு இடமில்லை என்பதே பலமான கருத்து. தன்மைகளை விவரித்துப் பின்னர் ஒப்படைக்கும் ஸலம் என்ற முறை உண்டு. ஆனால் அதில் முழுப் பணத்தையும் அந்த அமர்விலேயே கொடுத்துவிட வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்தால் மச்சானின் நிலை என்ன? கடைக்காரப் பெண் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க, நானும் அந்தச் சகோதரியும் கிதாபைப் புரட்டுவது போல் தர்க்கித்துக்கொண்டிருந்தோம். சீன முஸ்லிம்கள் ஹனபி மத்ஹபினர். செய்து தரச் சொல்லும் பொருளுக்கு இஸ்திஸ்னா என்ற தனி ஒப்பந்தம் தங்கள் மத்ஹபில் இருப்பதையும், அதில் பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். ஜித்தாவிலுள்ள சர்வதேச பிக்ஹ் அகடமி 1992இல் இதை ஏற்றுத் தீர்மானம் எடுத்தது எனக்கும் நினைவுக்கு வந்தது. நீளம், அகலம், துணி, நிறம், ஒப்படைக்கும் நாள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி ஒப்பமிட்டோம். எழுதச் சொன்னதில் என்னை விட மச்சானே கண்டிப்பாக இருந்தார். கட்டாரில் எழுதாமல் ஓர் ஆணிகூட வாங்கியதில்லையாம்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றிருக்கிறது சகோதரிகளே. இன்று நம் ஊர்களில் பலர், பெண்கள் உட்பட, சீனக் கடைகளின் படங்களை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு, வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிய பிறகே சாமானைத் தருவிக்கிறார்கள். கையில் பொருளும் இல்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்கள் ஒரு வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவருக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று அவர்கள் கேட்டபோது, உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி பிரசித்தமானது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்திய கேள்வி. இன்றைய கைத்தொலைபேசி வியாபாரத்துக்காகவே கேட்டது போல இருக்கிறது! அப்படியானால் முதலில்லாத ஒரு சகோதரி என்ன செய்வது? வழி அடைபடவில்லை. இது என் பொருள் அல்ல, உங்களுக்காக வாங்கித் தருகிறேன், எனக்கு இன்ன தொகை கூலி என்று வெளிப்படையாகச் சொல்லி முகவராக நிற்கலாம். அல்லது முழுத் தொகையையும் முன்கூட்டிப் பெற்று, அளவும் தன்மையும் நாளும் குறித்து ஸலம் முறையில் செய்யலாம். பொய்யும் ஏமாற்றமும் நுழைவது, தன்னிடம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் இடத்தில்தான்.

ஐந்தாம் நாள் சிங்யன்லியூ என்ற இடத்துக்குப் போனோம். ஒன்லைன் விற்பனையால் பெயர் பெற்ற கிராமம். நாட்டின் பிரதமராக இருந்த லீ கெச்சியாங் 2014இல் இங்கே வந்து பார்த்துப் பாராட்டினார். கிராமம் என்றதும் வயலும் வரப்பும் என்று நினைக்காதீர்கள். ஒரே அச்சில் வார்த்தது போன்ற மாடி வீடுகளின் வரிசை. கீழே களஞ்சியம், மேலே குடும்பம். மாலை நேரம் தெரு முழுவதும் ஒரே சத்தம், பெட்டியில் ஒட்டுப்பட்டி இழுக்கும் சத்தம்! ஒரு வீட்டு வாசலில் ஓர் இளம் தாய் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பொதி கட்டினாள். கணவன் விலாசம் ஒட்டினான். மாமியார் போல் தெரிந்த முதியவள், கட்டிய பொதியைத் தூக்கிக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்துத்தான் சாக்கில் போட்டாள். உள்ளே ஆடினால் திரும்பவும் பிரிக்கிறாள். அங்கே ஒரு மணித்தியாலம் நின்றதில் எனக்கு ஒன்று விளங்கியது. படம் போடுவதும் பேசுவதும் இந்தத் தொழிலில் சிறு பங்கு. பெரும் பங்கு, எண்ணுவதும் கட்டுவதும் திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்ப்பதும். மச்சான் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இது ஸ்டோர் வேலதானே மௌலவி" என்றார். கட்டாரில் நாற்பது பேர் அவருக்குக் கீழே. அந்தப் பெருமையைக் கழற்றி வைக்க அவருக்கு அந்தத் தெரு உதவியது என்றே எண்ணுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ. யீவுவின் பெரிய பள்ளிவாசல் முன்னர் ஒரு பட்டுத் தொழிற்சாலையாக இருந்த இடம். ஆயிரக்கணக்கில் சனம். எனக்கு வலப்பக்கம் ஓர் ஆபிரிக்கர், இடப்பக்கம் ஒரு பாகிஸ்தானியர், முன்னால் வெள்ளைத் தொப்பி அணிந்த சீனர். தொழுது வெளியே வந்தால் ஆட்டிறைச்சியும் ரொட்டியும் விற்பவர்களின் கூட்டம். அங்கே நின்றபோது நம் கொழும்பு நூதனசாலையிலுள்ள ஒரு கல் என் நினைவுக்கு வந்தது. சீனப் பேரரசின் கடற்தளபதி செங் ஹே, பிறப்பால் முஸ்லிம். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு அவர் கொண்டுவந்த அந்தக் கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். மூன்றிலும், காணிக்கையாகக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றின் பட்டியல். அறுநூறு வருடங்களுக்கு முன்பு சீனாவிலிருந்து நம் கரைக்கு வந்த சாமான் கணக்கில் தமிழும் இருக்கிறது! பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனால் மிருகக்காட்சிச்சாலையோடு திரும்பிவிடாமல் அதையும் காட்டுங்கள்.

கடைசி இரண்டு நாட்கள் முகவரின் களஞ்சியத்தில் கழிந்தன. கடைகளிலிருந்து பெட்டிகள் அங்கே வந்து சேரும். அங்கிருந்துதான் நிங்போ துறைமுகத்துக்குப் போகும். பெரும்பாலானோர் மேல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறார்கள். மச்சான் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி அடியைத் திறந்தார். ஊசிப் பெட்டி ஒன்றில் மேல் அடுக்கு நாங்கள் தேர்ந்தது. அடி அடுக்கு வேறு. சகோதரி கடைக்குத் தொலைபேசியில் பேசினார். அரை மணித்தியாலத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வேறு பெட்டி கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் மாற்றிவிட்டுப் போனான். சண்டையுமில்லை, மன்னிப்புமில்லை. பார்த்தால் மாற்றுவார்கள், பார்க்காவிட்டால் கப்பலேறும். இங்கிருந்தபடியே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பெட்டியைப் புரட்ட யார் இருக்கிறார்கள்?

அதே இடத்தில் முகவரின் உதவியாளர், விலைப் பட்டியலில் எவ்வளவு எழுதட்டும் என்று சாதாரணமாகக் கேட்டார். அதாவது, சுங்கத்துக்குக் குறைத்துக் காட்டும் தொகை. கொடுத்ததை எழுதுங்கள் என்றார் மச்சான். உதவியாளருக்கு அது விளங்காமல் இரண்டு தடவை கேட்டார். அரசாங்கத்துப் பணம்தானே என்று நம்மவர்களும் சொல்வதுண்டு. பொய்ப் பட்டியலில் வந்த சாமானுக்கு பிஸ்மி சொல்லி விற்பனை ஆரம்பிப்பது எனக்கு விளங்காத காரியம். சுங்கத்தார் மறுபடி மதிப்பிட்டுத் தண்டம் போட்டால் இலாபம் மட்டுமல்ல, முதலும் போகும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள பெட்டி 0.12 கன மீற்றர். 25 பெட்டி என்றால் மூன்று கன மீற்றர். முழுக் கொள்கலன் எடுக்கத் தேவையில்லை. பலருடைய சாமானோடு சேர்த்து அனுப்பலாம், கன அளவுக்குக் கூலி. ஆகவே பாரமில்லாமல் இடத்தை அடைக்கும் பொருள், பூமாலையைப் போல, விலை மலிவாக இருந்தும் கப்பல் கூலியில் விலையேறிவிடும். சால்வை ஒன்று சீனாவில் 8 யுவான் என்று வைத்துக்கொள்வோம். யுவான் 42 ரூபாவானால் 336 ரூபா. ஆயிரத்துக்கு விற்கலாமே என்று வாய் ஊறும். அதன் மேல் கப்பல் கூலி, காப்புறுதி. இவை சேர்ந்த தொகைக்குச் சுங்கத் தீர்வையும் வேறு அறவீடுகளும். அவற்றையும் சேர்த்த தொகையின் மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரி. துறைமுகத்தில் சாமான் எடுத்துத் தருபவரின் கூலி, லொறிக் கூலி. வீட்டுக்கு வரும்போது விலை எங்கோ போயிருக்கும். பிறகு பொதிச் செலவு. திரும்பி வரும் பொதிக்கான கூலி வேறு.

டொலரையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச்சில் ரூபாவைத் தளர விட்டபோது, 200 ரூபாவாக இருந்த டொலர் ஏப்ரலில் 300ஐக் கடந்து மே மாதத்தில் 360ஐ எட்டியது. முற்பணம் கொடுத்துவிட்டு மீதியைக் கடனாக வைத்திருந்த இறக்குமதியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்கு முன் 2020 முதலே பல பொருட்களின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. இதனால்தான் தங்கை ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த முதல் பயணத்தில் இறங்கக் கூடாது; அவளுடைய நகையில் கை வைக்கவே கூடாது. மச்சான் இரண்டையும் காத்தார். சீனப் புத்தாண்டு 2025 ஜனவரி 29இல் வந்தது. அதையொட்டித் தொழிற்சாலைகள் பல நாட்கள் மூடிக்கிடக்கும். அதற்கு முன் ஏற்றினால்தான் நோன்புக்கு முன் வந்து சேரும் என்பதால் நவம்பரில் போனது நல்லதாயிற்று. புதிதாய்ப் போகிறவர்கள் முதலில் இந்த நாட்காட்டியைப் பார்க்கட்டும்.

டிசம்பரில் நிங்போவில் ஏற்றிய சாமான் ஜனவரி நடுவில் வீட்டுக்கு வந்தது. முன் அறையின் கதிரைகளை வெளியே போட்டுவிட்டுப் பெட்டிகளை அடுக்கினார்கள். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் தங்கை படம் போடுவதில்லை. காலை வெயிலில், முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து, அளவு நாடாவையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறாள். நீளம் இத்தனை அங்குலம், விலை இவ்வளவு என்று படத்திலேயே எழுதுகிறாள். விலையைத் தனியாகக் கேளுங்கள் என்று எழுதும் வழக்கம் அவளுக்குப் பிடிக்காது. கடையில் விலையை ஒளித்து வைத்தால் நீங்கள் போவீர்களா என்று கேட்கிறாள். அவள் கேட்பது சரிதான்.

பொதி கைக்கு வந்த பின் பணம் கொடுக்கும் முறையே நம் மக்களுக்கு நம்பிக்கை. ஆனால் ஓடர் செய்துவிட்டு, கூரியர்காரர் வாசலுக்கு வரும்போது வேண்டாம் என்று திருப்பிவிடுவோரும் உண்டு. சகோதரிகளே, அது உங்களுக்கு ஒரு வார்த்தை. பொதி கட்டிய இன்னொரு சகோதரிக்குப் போக வரக் கூலி இரண்டும் நட்டம். மனம் மாறினால் அனுப்புவதற்கு முன்பே ஒரு செய்தி போட்டுவிடுங்கள். தங்கை இப்போது ஒவ்வோர் ஓடருக்கும் முதலில் தொலைபேசியில் பேசிவிட்டே பொதி கட்டுகிறாள். அதன் பின் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

2025 மார்ச் இறுதியில் வந்த நோன்புப் பெருநாளுக்குள் 25 பெட்டிகளில் 19 விற்றுத் தீர்ந்தன. சால்வை முதலில் முடிந்தது, ஊசி அடுத்தது. போட்ட பணம் வந்துவிட்டது. இலாபம் கட்டாரில் இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குத்தான். ஐந்து மாத உழைப்புக்கு அது குறைவு என்று மச்சானின் நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டாருக்குத் திரும்பி வரும்படி ஓர் அழைப்பும் வந்திருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கொப்பியில் அடுத்த பட்டியலைத் தங்கை எழுதத் தொடங்கிவிட்டாள். பூமாலைப் பெட்டிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பொதி கட்டும் மேசையாகப் பாவிக்கிறார்கள்.